3, 3.64, 4: ஃபோர்டு மாடல் டி-க்கு எந்தப் பின் அச்சு விகிதம்?

நூறு வருஷத்துக்கு முந்தைய ஃபோர்டு காரான மாடல் டி ஒன்றின் பின் அச்சைப் பிரித்துத் தரையில் பரப்பி வைத்திருப்பவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். திரும்ப மூடும்போது உள்ளே எந்தக் கிரௌன் (சக்கரங்களைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரம்), எந்தப் பினியன் (அந்தக் கிரௌனைச் சுற்றவைக்கும் சின்னப் பல்சக்கரம்)? தொழிற்சாலையில் போட்ட 40க்கு 11 பல்லையே போடுவதா, வேகம் வேண்டும் என்று 39க்கு 13 போடுவதா, ஏற்றத்துக்காக 40க்கு 10 போடுவதா? பல் எண்ணிக்கையை வகுத்தால் வருவதுதான் விகிதம், டாப் கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது: முதலாவது 3.64, இரண்டாவது சரியாக 3, மூன்றாவது சரியாக 4. காகிதத்தில் இந்த மூன்று எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, ஆனால் ரோட்டில் ஓட்டினால் மூன்றும் மூன்று வேறு வண்டிகள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு பேர் உட்காரும் டூரிங் உடல் (மடக்குக் கூரை போட்ட திறந்த வண்டி), ஏற்ற இறக்கம் கலந்த சாதாரண ரோடு என்றால் 3.64-ஐத் தொடாதீர்கள். வீட்டிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் மலைதான் என்றால் 4. 3 என்பது உடலையெல்லாம் கழற்றிவிட்டு ரெண்டு இருக்கை மட்டும் வைத்த ஸ்பீட்ஸ்டருக்கு. கையில் காசும் இருந்து, பிரேக் வேலையையும் கூடவே செய்யத் தயார் என்றால், இந்த மூன்றையும் விட ரக்ஸ்டெல் என்ற இரட்டை வேக அச்சு நல்லது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் மிச்சம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, இந்த வண்டியில் முன்னே போக இருப்பதே ரெண்டு கியர்தான். இடது மிதியை முழுசாக அழுத்திப் பிடித்தால் லோ, விட்டுவிட்டால் டாப், பாதியில் நிறுத்தினால் நியூட்ரல். டாப்பில் எஞ்சினும், அதன் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டும் ஒன்றாகவே சுற்றும், நடுவில் எந்தக் குறைப்பும் கிடையாது. லோவில் 2.75 மடங்கு குறைப்பு. இடையில் வேறு எதுவுமே இல்லை. நாலு கியர் உள்ள வண்டியில் பின் அச்சு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கியர்பாக்ஸ் அதைச் சரிக்கட்டிவிடும். மாடல் டி-யில் சரிக்கட்ட ஆளே இல்லை. பின் அச்சில் என்ன விகிதம் போடுகிறீர்களோ அதுதான் உங்கள் டாப் கியர், அதை 2.75-ஆல் பெருக்கினால் வருவதுதான் உங்கள் லோ. 3 போட்டால் லோவில் மொத்தக் குறைப்பு 8.25. 3.64 போட்டால் 10. 4 போட்டால் 11. ரிவர்ஸுக்கும் இதே கதைதான், அதில் 4 மடங்கு குறைப்பு என்பதால் முறையே 12, 14.5, 16. பெட்ரோல் தானாக இறங்கி வரும் வண்டி இது, பம்ப் கிடையாது, டாங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் செங்குத்தான ஏற்றத்தில் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் எட்டாது. அதனால்தான் அந்தக் காலத்தில் பலர் வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே மலை ஏறினார்கள். அப்படி ஏறும்போது கைகொடுத்ததும் இந்தப் பின் அச்சு எண்தான்.

இப்போது வேகம். எஞ்சின் 2.9 லிட்டர், நாலு சிலிண்டர், 1600 சுற்றில் 20 குதிரைத்திறன். முறுக்கு விசையின் உச்சம் 83 பவுண்டு-அடி, நம் கணக்கில் சுமார் 112 நியூட்டன் மீட்டர், அதுவும் வெறும் 900 சுற்றிலேயே. பின் டயர் குறுக்களவு 30 அங்குலம். இதை வைத்துக் கணக்குப் போட்டால், எஞ்சின் 1600 சுற்றில் ஓடும்போது 3.64 வண்டி மணிக்கு 63 கி.மீ. போகும், 4 போட்ட வண்டி 57, 3 போட்டது 76. மாடல் டி-யின் உச்ச வேகம் என்று எல்லோரும் சொல்வது 40 முதல் 45 மைல், அதாவது 64 முதல் 72 கி.மீ. ஆக, தொழிற்சாலை போட்ட 3.64-இல் எஞ்சின் தன் முழுத் திறனையும் கொடுக்கிற வேகமும் வண்டி போகக்கூடிய வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்து விழுகின்றன. யோசித்துப் போட்ட எண் இது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

சரி, 3 போட்டால் 76 கி.மீ. கிடைக்கும்தானே என்று கேட்கலாம். கணக்குப்படி பல் இடம் கொடுக்கும், காற்று கொடுக்காது. 63-இலிருந்து 76-க்குப் போக, காற்றை மட்டும் தள்ளுவதற்கே ஏறக்குறைய 1.8 மடங்கு திறன் வேண்டும், ஏனென்றால் அந்தத் தேவை வேகத்தின் கன அளவில் ஏறுகிறது. நிமிர்ந்த கண்ணாடி, விரித்த கூரை, நாலு பேர், இவ்வளவையும் வைத்துக்கொண்டு 20 குதிரைத்திறன் அந்த வேகத்தைப் பிடிக்காது. உடலைக் கழற்றிவிட்டுத் தாழ்வாக ரெண்டு இருக்கை வைத்தால் விஷயமே வேறு. எடையும் குறையும், காற்று மோதும் பரப்பும் குறையும், அப்போது 3 தன் வேலையைக் காட்டும். டூரிங் வண்டியில் 3 போட்டவர்களுக்குக் கிடைப்பது வேகம் இல்லை, சமதளத்தில் கொஞ்சம் அமைதி. மணிக்கு 56 கி.மீ.-இல் 4 போட்ட எஞ்சின் ஏறக்குறைய 1570 சுற்றும், 3.64 போட்டது 1430-க்குக் கொஞ்சம் கீழே, 3 போட்டது 1180-க்குள். அந்த அமைதி உண்மையிலேயே சுகமானதுதான். மூன்றே மெயின் பேரிங், எதிர் எடை இல்லாத ஒல்லியான கிராங்க், எண்ணெய் பம்பும் கிடையாது, ஃப்ளைவீல் வாரி இறைக்கிற எண்ணெயை ஒரு குழாய் ஏந்திக்கொண்டு போய் முன்பக்கம் கொடுக்க வேண்டும். இப்படிப்பட்ட எஞ்சினை மணிக்கணக்காக உச்சச் சுற்றில் ஓட்டக் கூடாது என்று சொல்பவர்கள் சொல்வது சரி. ஆனால் அதே ஒல்லிக் கிராங்கை டாப்பில் திணறத் திணற ஏற்றம் இழுக்க வைப்பதும் அதற்கு நல்லதில்லை. 3 போட்டவர்கள் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள்.

ஏற்றம்தான் இதில் உயிர்நாடி, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன். நாலு பேரோடு வண்டி 950 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மண் ரோடு, டாப் கியர், முழு த்ராட்டில், எஞ்சின் 900 சுற்றில், அதாவது அது நன்றாக இழுக்கும் இடத்தில் இருக்கிறது. டயரின் உருளல் தடையையும் காற்றையும் தோராயமாகக் கழித்து நான் போட்ட கணக்கில், 3 போட்ட வண்டி 24 அடிக்கு 1 அடி ஏறும் ஏற்றம் வரை டாப்பிலேயே போகும். 3.64 வண்டி 15-க்கு 1 வரை தாங்கும். 4 வண்டி 13-க்கு 1 வரை. இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 3.64-இலிருந்து 4-க்குப் போனால் கிடைப்பது கொஞ்சம். 3.64-இலிருந்து 3-க்கு இறங்கினால் இழப்பது ரொம்பப் பெரிசு. 24-க்கு 1 என்பது ஏற்றம் என்றே கண்ணுக்குத் தெரியாத சரிவு, ஒரு பாலத்துக்கு ஏறும் அணுகுசாலை அளவுதான். அதற்கெல்லாம் மிதியை அழுத்த வேண்டி வந்தால் பயணம் முழுக்க இடது கால் மிதியிலேயேதான் இருக்கும்.

லோவுக்குப் போவது இந்த வண்டியில் சின்ன விஷயமும் இல்லை. லோவில் 1600 சுற்றில் கூட 3.64 வண்டி மணிக்கு 23 கி.மீ.தான் போகும். டாப்பில் 35-இல் வந்துகொண்டிருந்த வண்டியை 23-க்குக் கீழே கொண்டுவந்து, மிதியை விடாமல் அழுத்திப் பிடித்து, ஏற்றம் முடியும் வரை காலை எடுக்காமல் போக வேண்டும். கொஞ்சம் தளர்த்தினால் லோ பேண்ட் (டிரான்ஸ்மிஷனுக்குள் லோ கியருக்காக இறுக்கிப் பிடிக்கும் பட்டை) நழுவும், நழுவினால் தேயும், பேண்ட் லைனிங்கின் நூலும் தூளும் எஞ்சின் எண்ணெயில் கலந்து அந்த ஒரே எண்ணெய்க் குழாயில் போய் அடைக்கும், ஏனென்றால் எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய். ஆகவே, வேகம் இதில் ரெண்டாம் பட்சம். எத்தனை ஏற்றங்களில் லோவுக்கு இறங்க வேண்டி வரும் என்பதைத்தான் பின் அச்சு விகிதம் உண்மையில் தீர்மானிக்கிறது. சமதளத்தில் ஓட்டிப் பார்த்து விகிதம் தேர்ந்தெடுப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இப்படி ஏமாந்தவர்கள் சாதாரண ஆட்கள் மட்டும் இல்லை. 1911-இல் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நேப்பியர் கார்களை விற்ற எஸ். எஃப். எட்ஜ் தன் 65 குதிரைத்திறன் நேப்பியரை லண்டனிலிருந்து எடின்பரோ வரை டாப் கியரிலேயே ஓட்ட வைத்தார். ஒரு காலன் பெட்ரோலுக்கு 19.35 மைல், பிறகு ப்ரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் மணிக்கு 76.42 மைல். ரோல்ஸ் ராய்ஸ் சும்மா இருக்குமா? அதே வருஷம் அவர்களுடைய எர்னஸ்ட் ஹைவ்ஸ், சில்வர் கோஸ்ட் என்ற ரோல்ஸ் ராய்ஸ் காரை எடுத்து அதே சோதனையைச் செய்து 24.32 மைலும் 78.26 மைல் வேகமும் காட்டினார். டாப்பில் கியர்பாக்ஸ் நேரடி ஓட்டம் என்பதால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரே குறைப்பு பின் அச்சுதான். அப்படிப் பார்த்தால் இந்த ரெண்டு சோதனையும் ஒரு வகையில் பின் அச்சு விகிதத்தின் சோதனைதான்: ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஊருக்குள் மெதுவாகவும் போக வேண்டும், ஓடுதளத்தில் பறக்கவும் வேண்டும். பெரிய ஆறு சிலிண்டர் எஞ்சின் அதைச் செய்து காட்டியது. அந்த வெற்றியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை, காலனுக்கு 24 மைல் என்பது அந்தப் பருமனான வண்டிக்குப் பிரமாதமான எண்.

ஆனால் அடுத்த வருஷமே பாடம் வந்தது. 1912 ஆல்ப்ஸ் சோதனை ஓட்டத்தில் ஜேம்ஸ் ராட்லி தன் சொந்த சில்வர் கோஸ்ட்டோடு கலந்துகொண்டார். ஆஸ்திரியாவில் காட்ஷ்பெர்க் கணவாயின் செங்குத்தில் வண்டி நின்றுபோனது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. முதல் கியர் அந்த ஏற்றத்துக்குப் போதவில்லை, அவ்வளவுதான். ஆரம்பகால சில்வர் கோஸ்ட்டில் நாலு கியர் இருந்தது, அதில் நாலாவது ஓவர்டிரைவ். 1909-இல் அதை எடுத்துவிட்டு, டாப் நேரடியாக இருக்கும் மூன்று கியருக்கு மாறியிருந்தார்கள். டாப் கியரில் எல்லாவற்றையும் செய்யும் வண்டி என்று பெயர் வாங்கியது அந்த மூன்று கியர் வண்டிதான், காட்ஷ்பெர்க்கில் நின்றதும் அதேதான். 1913 ஆல்ப்ஸ் ஓட்டத்துக்கு, இன்னும் தாழ்ந்த முதல் கியர் கொண்ட நாலு கியர் பெட்டியோடு தொழிற்சாலை அணியே வந்து பல பரிசுகளை வென்றது. எனக்கு வருத்தம் என்னவென்றால், ப்ரூக்லண்ட்ஸிலேயே 1909-இல் ஒரு சோதனை ஏற்றம் கட்டிவிட்டார்கள். 352 அடி நீளம், கீழே 8-க்கு 1, நடுவில் 5-க்கு 1, மேலே 4-க்கு 1. ஓடுதளத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் 1911 போட்டியில் பேப்பரில் வந்த எண்களெல்லாம் நெடுஞ்சாலையும் ஓடுதளமும் கொடுத்தவைதான்.

அந்த 4-க்கு 1 மேட்டில் நம் மாடல் டி-யைக் காகிதத்தில் ஏற்றிப் பார்க்கலாம். 950 கிலோ வண்டியை அங்கே மேலே தள்ள, உருளல் தடையையும் சேர்த்து 250 கிலோ விசை வேண்டும். லோ கியரில், உராய்வில் போவதைக் கழித்தால், 3 போட்ட வண்டி கொடுப்பது 210 கிலோ. ஏறாது, நாலு பேரில் ரெண்டு பேராவது இறங்கித் தள்ள வேண்டும். 3.64 கொடுப்பது 255, அதாவது மூச்சு முட்டி ஏறும், எஞ்சின் கொஞ்சம் டியூனிங் தப்பியிருந்தால் அதுவும் இல்லை. 4 கொடுப்பது 280, நிம்மதியாக ஏறும். மலை நாட்டுக்காரர்களுக்கு நான் 4 சொல்வது இந்த 25 கிலோவுக்காகத்தான். அதற்கு விலையாக அவர்கள் கொடுப்பது சமதளத்தில் மணிக்கு 6 கி.மீ., எஞ்சினில் கொஞ்சம் கூடுதல் இரைச்சல். மலையில் இருப்பவருக்கு இது நஷ்டமே இல்லை. ஃபோர்டே தன் ஒரு டன் லாரியான டிடி-க்கு 7.25 என்ற பின் அச்சைத்தான் வழக்கமாகப் போட்டது, வேகமாகப் போக வேண்டியவர்களுக்கு 5.17. எஞ்சின் இதே எஞ்சின்தான். சுமை மாறும்போது முதலில் மாற வேண்டியது பின் அச்சு என்பது ஃபோர்டுகாரர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

 

ஒரே எண்ணில் ரெண்டு வேலையும் நடக்காது என்றால் ரெண்டு எண்ணையும் வைத்துக்கொண்டால் என்ன என்று யோசித்தவர்களும் அப்போதே இருந்தார்கள். 1914 கேடிலாக்கின் நாலு சிலிண்டர் வண்டியில் பின் அச்சிலேயே 3.66, 2.5 என்று ரெண்டு விகிதம் இருந்தது, மின்சார சுவிட்ச் மூலம் மாற்றலாம். ஊருக்குள் ஒன்று, திறந்த ரோட்டில் ஒன்று. அடுத்த வருஷம் வி8 எஞ்சின் வந்ததும் அதைக் கைவிட்டுவிட்டார்கள். எஞ்சினுக்குப் போதுமான இழுவை இருந்தால் இரட்டை அச்சின் சிக்கல் தேவையில்லை என்று நான் இதைப் படிக்கிறேன். மாடல் டி-க்கு அந்த இழுவை எந்தக் காலத்திலும் வரவில்லை, அதனால்தான் அங்கே இரட்டை அச்சுக்கு வாழ்வு நீண்டது.

ரக்ஸ்டெல் அதுதான். ஃபோர்டின் அங்கீகாரத்தோடு ஃபோர்டு டீலர்களே விற்ற அச்சு. வழக்கமான 3.64-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு நெம்புகோலைத் தள்ளினால் அதை ஒன்றரை மடங்காக்கி ஏறக்குறைய 5.46 ஆக்கும். இப்போது ரெண்டு கியர் நாலாகிறது. ரக்ஸ்டெல் தாழ்வில் வைத்து டாப்பிலேயே விட்டால் 8-க்கு 1 ஏற்றம் வரை போகும், காலை மிதியில் வைக்கவே வேண்டாம், வேகம் 24 முதல் 42 கி.மீ. வரை. டாப்புக்கும் லோவுக்கும் நடுவில் வெறுமையாகக் கிடந்த பள்ளம் சரியாக இந்த இடத்தில்தான் நிரம்புகிறது. லோவையும் சேர்த்தால் மொத்தக் குறைப்பு 15, காட்ஷ்பெர்க் மாதிரி ஏற்றத்திலும் தைரியமாகப் போகலாம். சமதளத்தில் எதையும் இழக்கவில்லை. ஓட்டிப் பார்த்த யாரும் பழைய அச்சுக்குத் திரும்ப விரும்ப மாட்டார்கள்.

ஆனால் ஒரு ஆபத்து இருக்கிறது, இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். மாடல் டி-யின் கால் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்மிஷனுக்குள் இருக்கிறது. அது பிடிப்பது புரொப்பல்லர் ஷாஃப்டை, அங்கிருந்து பின் அச்சு வழியாகத்தான் சக்கரம் நிற்கிறது. இறக்கத்தில் ரக்ஸ்டெல் நெம்பை மாற்றப் போய் அது நடுவில் மாட்டிக்கொண்டால், எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லாமல் போய்விடும். கால் பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் ஒன்றும் நடக்காது. மிச்சம் இருப்பது பின் சக்கரத்துக் கைபிரேக் மட்டும், அது நிறுத்தி வைத்த வண்டியைப் பிடிக்கச் செய்தது, ஓடும் வண்டியை நிறுத்தச் செய்தது அல்ல. அதனால் ரக்ஸ்டெல் வாங்கும் காசைக் கணக்குப் போடும்போதே பின் சக்கரத்துக்கான துணை பிரேக்குக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அது முடியாது என்றால் ரக்ஸ்டெல்லும் வேண்டாம், 4-ஐப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருங்கள். ஏற்றத்தில் ஏறுமுன்பே, இறக்கத்தில் இறங்குமுன்பே நெம்பை மாற்றிவிட வேண்டும், நடுவில் தொடவே கூடாது. அப்புறம் இன்னொன்று, 3-க்கும் இதில் ஒரு பங்கு உண்டு: டிரான்ஸ்மிஷன் பிரேக்கின் பிடியையும் பின் அச்சுதான் பெருக்கிச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது, 3 போட்ட வண்டியில் அதே மிதிக்கு 3.64-இல் கிடைக்கும் நிறுத்தத்தில் ஆறில் ஐந்து பங்குதான் கிடைக்கும். வேகத்தைக் கூட்டிவிட்டு நிறுத்தத்தைக் குறைப்பது எனக்கு உடன்பாடில்லை.

வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள், உங்கள் வண்டியில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள், நூறு வருஷத்தில் எத்தனையோ கை பட்டிருக்கும். இக்னிஷனை அணைத்து, நாலு பிளக்கையும் கழற்றி, முன் சக்கரங்களுக்கும் தரையில் இருக்கப்போகும் பின் சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். டாப்பில் வைத்து, தூக்கிய சக்கரத்தைக் கையால் ரெண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும், ரெண்டு எதற்கென்றால் இன்னொரு சக்கரம் நிற்கும்போது, ரெண்டு பின் சக்கரத்துக்கும் சுழற்சியைப் பங்கிடும் டிஃபரன்ஷியல் பாதியைத்தான் கிரௌனுக்குக் கொடுக்கும். முன்னால் ஒருவர் கிராங்க் புல்லியில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணட்டும். 3 என்றால் 3, 4 என்றால் 4, மூன்றரையைத் தாண்டிக் கொஞ்சம் போனால் 3.64.

சோதனை ஓட்டத்துக்கு, உங்களுக்குத் தெரிந்த ஒரு ஏற்றம் போதும். அடிவாரத்தில் ஒரே வேகம், ஒரே சுமை, டயரில் ஒரே காற்று. மிதியை அழுத்தியே ஆக வேண்டிய இடம் எது என்று ரோட்டோரம் ஒரு கல்லை வைத்துக் குறியுங்கள். மூன்று முறை போய் வாருங்கள், கல் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். அச்சு மாற்றிய பின் அதே ஏற்றத்தில் கல் எவ்வளவு மேலே போகிறது என்பதைப் பார்த்தால் போதும், ஸ்பீடாமீட்டர் சொல்லாத விஷயம் அது.

எந்த விகிதம் போட்டாலும், அச்சைத் திறந்தது திறந்தாயிற்று, உள்ளே பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கும் வெள்ளை உலோகத் த்ரஸ்ட் வாஷர்களைத் திரும்பப் போடாதீர்கள். நூறு வருஷத்துக்குப் பின் அது சொல்லாமல் கொள்ளாமல் பொடிந்துபோகும், பொடிந்தால் கிரௌன் பினியனை விட்டு விலகும், விலகினால் இழுவையும் போகும், கால் பிரேக்கும் போகும். வெண்கல வாஷர் போட்டு, இடைவெளியை அளந்து, அப்புறம் ஹவுசிங்கை மூடுங்கள்.